வாசலில் கேட்ட பெயர்

தட்டு மாற்ற இன்னும் பத்தே நிமிஷம் இருக்கும்போதா அந்தப் பெண் வந்து நிற்க வேண்டும்!

கல்மண்டபத்துச் சந்தில் ஷாமியானா. திருவொற்றியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் கீர்த்தியின் அப்பா வாசலுக்கு ஓடினார்.

"படகுக்காரர் தேசப்பன் குடும்பம் இதுதானா சார்? நூறு வருஷத்துக்கு முந்தி ஹார்பர்ல பிடிபட்டாரே..."

அவருடைய தாத்தாதான். கப்பல் சரக்கைத் திருடி மாட்டிக்கொண்டு, கைவிலங்கோடு இதே தெருவில் நடந்த மனுஷன். 'திருடன் வூட்டுப் பொண்ணு' என்ற ஒரு சொல்லில் கூடப் பிறந்த அக்காவின் நிச்சயம் முறிந்தது. அவள் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கீர்த்திக்கும் அந்தக் கதியா? சம்பந்தி கண்ணில் பட்டால் வம்பு என்று தாத்தாவின் படத்தைக்கூட நேற்றே கழற்றிப் பரணில் போட்டிருந்தார்.

உள்ளே ஒரு கண் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அப்டி யாரும் இங்க இல்லம்மா. அந்தத் திருட்டுப் பயலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கெடியாது. யாரோ ராங் அட்ரஸ் குட்துகீறாங்க."

"திருட்டா?"

எழில்மொழி என்று பெயர் சொன்னாள். பழைய ஆவணங்களைத் தேடி ஆராய்ச்சி செய்கிறவளாம். பையிலிருந்து ஒரு பழைய போலீஸ் பதிவின் நகலை எடுத்துப் படித்துச் சொன்னாள்.

வெள்ளைக்காரனுக்குத் தப்பி அயல்நாட்டில் இருந்தவர்கள், சுதந்திரம் கேட்டுப் பத்திரிகை அச்சடித்தார்கள். இங்கே அதற்குத் தடை. கப்பலில் வந்த கட்டுகளை மீன்கூடைக்கு அடியில் மறைத்துக் கரை சேர்த்தவர் தேசப்பன். யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று அடித்துக் கேட்டார்கள். வாயைத் திறக்கவில்லை. திருட்டுக் கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிட்டார்கள்.

"ஒரு பேர் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க சார். சொல்லவேயில்ல. இதை அவர் குடும்பத்துக்கிட்ட குடுக்கணும்னு நாலு மாசமா அலையறேன்."

ஐயோ, இந்த வாயால் என்ன சொல்லிவிட்டேன்! கீர்த்தியின் அப்பா அந்த நகலையே பார்த்தார். சொன்னதை இனி எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது?

அவள் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். "விசேஷ நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க. வேற தெருவுல விசாரிக்கிறேன்."

கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் அவள் நாலடி போய்விட்டாள்.

அப்போது உள்ளேயிருந்து பவுனம்மாள் அத்தையின் குரல் வந்தது. காசிமேட்டில் ஐம்பது வருஷம் மீன் கூவி விற்ற தொண்டை. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"டேய் தேசப்பா! சம்பந்தி காத்துகினுகீறாரு, வாசல்ல இன்னாடா பண்ற?"

எழில்மொழி நின்றாள். திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தெருவே திருடன் என்று ஏசிக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய அப்பா கொஞ்சமும் கூசாமல் தன் பிள்ளைக்கு வைத்த பெயர் அது.