வெள்ளை மட்டும்

பக்கத்து வீட்டு வண்டி இருமியது. மறுபடி இருமியது. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றுபோனது.

டார்லா காபிக் கோப்பையும் கையுமாகச் சிரித்துக்கொண்டாள். பாட்டரி மண்டையைப் போட்டிருக்கும். இந்தப் பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுவதை அந்த வீட்டுக் கிழவர் ஓர்வில் எப்போதுதான் விடப்போகிறாரோ என்று நினைத்தபடி கைபேசிக்குத் திரும்பினாள்.

கனடாவின் சாஸ்கட்டூனில் ஜனவரி வந்தால் ஆட்கள் வீட்டுக்குள் சுருண்டுவிடுவார்கள். அப்படிச் சுருளக் கூடாதென்றுதான் அவள் நூலகத்துக் குழுவில் சேர்ந்திருந்தாள். தினமும் காலையில் ஒரு தலைப்பு வரும், இருட்டுவதற்குள் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் போட வேண்டும். நேற்றைய தலைப்பு ‘வெள்ளை மட்டும்’.

அதுவரை யாரும் சீந்தாத அவள் படங்களில் நேற்றைய படம்தான் எடுபட்டது. உறைபனி மூடிய ஓர்வில்லின் வண்டி, பின்னால் அவர் வீட்டு வெள்ளைச் சுவர், வெள்ளை ஜன்னல். ‘அந்த ஜன்னல் திரை லேசா விலகியிருக்கே, அதுதான் படத்துக்கே உயிர்’ என்று குழுவின் தலைவியே எழுதியிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தோடு வெளியே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வேலியில் ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவளே தன் கையால் தொங்கவிட்டது.

மைனஸ் நாற்பதைத் தொடும் குளிரில், இரவு முழுக்க மின்சார ஒயரை மாட்டி இன்ஜினைச் சூடாக வைக்காவிட்டால் எந்த வண்டியும் காலையில் கிளம்பாது. நேற்று மாலை அந்த ஆரஞ்சு நிறம் படத்தைக் கெடுக்கிறதே என்று, வண்டியின் மூக்கிலிருந்து அதைப் பிடுங்கி வேலியில் போட்டுவிட்டு ஒரு படம் எடுத்தாள். இரண்டாவது படத்துக்குள் குளிர் தாங்காமல் கைபேசி அணைந்துவிட்டது. விரல்கள் விறைக்க, அதைச் சூடாக்க வீட்டுக்கு ஓடியவள் ஒயரைச் சுத்தமாக மறந்துபோனாள்.

ஓர்வில் வண்டியிலிருந்து இறங்கி, மனைவி எஸ்தெல்லைக் கைத்தாங்கலாக இறக்கினார். பின்சீட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மெல்ல வீட்டுக்குள் போனார்கள்.

‘என் வண்டியில வாங்க, கொண்டுபோய் விடறேன்’ என்று டார்லா ஓடியிருக்கலாம். ஓடினால் ஒயரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு வெட்கப்பட்டு, திருட்டுப் பூனை மாதிரி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

மத்தியானம் வரை அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கடைசியில் ஒரு பாத்திரத்தில் சூப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“உள்ள வா, கதவச் சாத்து. இருக்கற சூடும் போயிடப்போவுது,” என்றார் ஓர்வில்.

எஸ்தெல் கோட்டைக் கழற்ற விடாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். “தபால் கொண்டாந்தியா?” என்று கேட்டாள். மறதி நோய் முற்றியதிலிருந்து டார்லா அவளுக்குத் தபால்காரிதான்.

“காலைல எங்கயோ கிளம்பினீங்க போல,” என்றாள் டார்லா.

“முதியோர் இல்லத்துல இவளுக்கு இடம் கிடைச்சிருந்துது. போன குளிர்காலத்துலேர்ந்து காத்துட்டிருந்தோம்.” ஓர்வில் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினார். “காலைலயே வந்து சேரலேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவோம்னு சொல்லியிருந்தாங்க. குடுத்துட்டாங்க.”

எஸ்தெல்லைக் குளிப்பாட்டி, ஊட்டி, பனியில் இறங்கி நடந்துவிடாமல் காவல் காத்து, இந்த மனிதர் பாதியாக இளைத்துப்போனதைக் கண்ணெதிரே பார்த்தவள் டார்லா. அவருக்குக் கிடைத்த ஒரே விடுதலையையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று நொந்துபோனாள்.

“ஒரு டாக்ஸியாவது கூப்பிட்டிருக்கலாமே?”

“கூப்பிட்டிருக்கலாம். என் பொண்ணும் போன்ல அதச் சொல்லித்தான் கத்தினா.”

“நாம எப்பக் கிளம்பறோம்?” என்றாள் எஸ்தெல்.

“எங்கயும் கிளம்பல. சூப்பக் குடி.” ஓர்வில் கரண்டியை ஊதி அவள் வாயருகே நீட்டினார்.

அதற்கு மேல் டார்லாவால் அடக்க முடியவில்லை.

“எல்லாம் என்னாலதான், ஓர்வில். நேத்து படம் எடுக்கறதுக்காக உங்க வண்டி ஒயர நான்தான் பிடுங்கினேன். திரும்ப மாட்டாம வந்துட்டேன். காலைல வண்டி கிளம்பாததப் பாத்தும் வாயத் திறக்காம ஒளிஞ்சுக்கிட்டேன்.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஒரு பாழாப்போன படத்துக்காக. என்னத் திட்டிடுங்க, எதையாவது சொல்லுங்க.”

ஓர்வில் கரண்டியைக் கீழே வைத்தார். மனைவியின் கோட்டுப் பொத்தான்களை மெதுவாகக் கழற்றத் தொடங்கினார். இந்த முறை எஸ்தெல் தடுக்கவில்லை. அவர் டார்லாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

“நீ பிடுங்கினத நான் பாத்துட்டுதான் இருந்தேன், டார்லா. போய் அதத் திரும்ப மாட்ட எனக்குத்தான் மனசு வரல.”