சல்லடை

பெரிய திரையில் ஒரே ஒரு சிவப்புக் கோடு மற்ற எல்லாவற்றையும் தாண்டி உச்சிக்குப் போய்விட்டிருந்தது.

"இந்த ஒரு ஆளைப் பாருங்க. எட்டு மாசமா காலைல ஒன்பதுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் நம்ம சைட்டை விட்டு நகரல. இப்படி நூறு பேர் கிடைச்சா போதும்!" மேலாளருக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு.

அது வேலை தேடித் தரும் இணையதளம். எட்டு மாதமாகத் தேடுகிறவனுக்கு ஏன் ஒரு வேலைகூடக் கிடைக்கவில்லை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வரைபடத்துக்கு ஏது வயிறு?

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அலுவலகத்தில் சல்லடை என்று பெயர். தளத்துக்கு வருகிற லட்சம் பேரில் மனிதர்கள் போல நடிக்கும் இயந்திரங்களைச் சலித்தெடுப்பது அவள் வேலை. ஒரே நாளில் முப்பது விண்ணப்பத்தைத் தாண்டினால் இயந்திரம்; திரையில் சாம்பல் நிறமாகிவிடும். அன்றைய விண்ணப்பம் அத்தனையும் எவர் கண்ணிலும் படாமல் குப்பைக்குப் போகும். அந்த விதியை எழுதியது அவள்தான். அன்று அதற்கு எல்லாரும் கைதட்டினார்கள்.

'அது இயந்திரம் சார், கணக்குல சேர்க்காதீங்க' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். நிரூபிப்பதற்காகத் தன் மடிக்கணினியில் கோட்டைப் பெரிதாக்கினாள்.

சனி, ஞாயிறுகளில் கோடே இல்லை.

மற்ற நாட்களில் சரியாக ஒன்று பத்துக்கு நான்கு நிமிடம் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது.

போன மாதம் மூன்று நாள் வெறுமை. அந்தத் தேதிகள் அவளுக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்த கணவர் பக்கத்தில் அவளும் விடுப்பெடுத்து உட்கார்ந்திருந்த நாட்கள்.

மடிக்கணினியோடு எழுந்து வராந்தாவுக்குப் போனாள்.

மணி ஒன்று பத்து. தினமும் கணவனைக் கூப்பிடுகிற நேரம். திரையில் அந்தக் கோட்டின் நுனிப் புள்ளி சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. இன்றைய விண்ணப்பங்கள்: முப்பது.

கூப்பிட்டாள். புள்ளி மினுங்குவது நின்றது.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சும்மா. மீட்டிங் நடுவுல இருக்கேன்."

'இன்னிக்கு இதோட போதுங்க' என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாகக் காலையில் கிளம்பிப் போகிற மனிதர் இனி எந்த முகத்தோடு வீடு திரும்புவார்?

"இன்னிக்காவது சீக்கிரம் கிளம்பிடுங்களேன்."

"எங்க? தலைக்கு மேல வேலை."

போன் வைக்கப்பட்டது.

புள்ளி மறுபடி மினுங்கியது. முப்பத்தொன்று.

பிறகு, அவள் எழுதிக் கொடுத்திருந்தபடியே, சாம்பல் நிறமாக மாறியது.