எட்டு விசிறிக்கு ஒரு ஃபைல்

"காலையில வந்தேன், எட்டு டிரைவரோட வயித்தையும் கிழிச்சேன், குடலை உருவினேன், திரும்பத் தைச்சேன். சாப்பாட்டுக்குப் போறதுக்குள்ள எட்டும் முன்னைவிட ஜோரா ஓடுது. ஒண்ணுகூட தும்மலை" என்றார் சுத்தக்காரர்.

போலீசுக்குச் சொல்லிவிட வேண்டாம். அவர் கிழித்தது வண்டி ஓட்டுகிறவர்களை அல்ல. கம்ப்யூட்டரின் அடிவயிற்றில், கெர்னல் என்கிற இயங்குதளத்தின் கருவுக்குள் உட்கார்ந்து, விசிறியைச் சுற்ற வைக்கிற நிரல்களுக்கும் டிரைவர் என்றுதான் பெயர்.

மச்சினி தலையைத் தூக்கவில்லை. மனைவியின் தங்கை, அதே ஆபீசில் சோதனைப் பிரிவு. அக்காவின் கல்யாணத்திலிருந்தே அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் நம்பியதில்லை. ஆனால் அவள் 'சரி' சொன்னால்தான் எதுவும் வெளியே போகும்.

"காலையில நல்லாத்தானே மாமா இருந்தீங்க" என்றாள்.

அழுக்கு நிரலைக் கண்டாலே அருவருக்கிற நிரலாளர் அவர்; அதனால்தான் சுத்தக்காரர் என்று பெயர். அவருக்கு இது மானப் பிரச்சினை. எட்டு வகை மெஷினுக்கு எட்டு விசிறி டிரைவர்கள். எட்டுக்குள்ளும் விசிறிச் சிப்பை எழுப்ப ஒரே சடங்கு: தட்டு, காத்திரு, மறுபடி தட்டு, மறுபடி காத்திரு. எவனோ எழுதியதை அடுத்தவன் நகலெடுத்து, அவனிடமிருந்து இன்னொருவன் நகலெடுத்து, 'இதைத் தொடாதே' என்ற குறிப்பைக்கூட விடாமல் எட்டிலும் அப்பி வைத்திருந்தார்கள்.

ஒருத்தன் துப்பிய சூயிங்கத்தை ஏழு பேர் எடுத்து மென்ற மாதிரி இருந்தது அவருக்கு. போன வாரம் படித்துப் பார்க்க மூன்றாவது டிரைவரைத் திறந்த அன்று டிபன்பாக்ஸைத் திறக்கவில்லை. ஐந்தாவதைத் திறந்த அன்று வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தார்.

அதனால்தான் அந்தச் சடங்கை எட்டிலிருந்தும் பிய்த்தெடுத்து, ஒரே பொது ஃபைலில் எழுதினார். இனி எட்டு டிரைவரும் அதைக் கூப்பிட்டால் போதும். சலவைக்கடைச் சட்டைபோல் மடிப்புக் கலையாத ஃபைல். வேலையைத் தொடங்குமுன்பே அதன் தலையில் தன் பெயரைப் போட்டுவிட்டார்.

மேலாளர் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். "எட்டும் ஓடினா உங்க ஃபைல் கெர்னல்ல நிரந்தரமா இருக்கும், உங்க பேரோட. ஒரு விசிறி நின்னாலும் பழைய குப்பையே திரும்ப வரும். அப்புறம் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க."

"வந்து உன் கண்ணால பாரு" என்று மச்சினியைச் சோதனை அறைக்கு இழுத்துப் போனார்.

அறையில் சூடான பிளாஸ்டிக் வாடை. கீபோர்டுகளின் இடுக்கில் பிஸ்கட் தூள், யாருடையதோ நகத்துண்டு. சுத்தக்காரர் கர்ச்சீப்பால் விரலைச் சுற்றிக்கொண்டு சுவிட்சுகளைத் தட்டினார்.

முன்பெல்லாம் விசிறி சுற்றத் தொடங்குவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். இன்று விரலை எடுப்பதற்குள் சுற்றின. எட்டும்.

"பாத்தியா? சுத்தம் பண்ணினா வேகம் தன்னால வரும்."

"அடுப்பை இடம் மாத்தினா தண்ணி சீக்கிரம் கொதிக்குமா மாமா?"

"வயித்தெரிச்சல் உனக்கு. உங்க அக்காவுக்கும் இதே வியாதிதான்."

அவள் எட்டு மெஷின்களுக்கும் மூச்சு முட்ட வேலை கொடுத்தாள். எந்த மெஷினும் சூடேறவில்லை. சாயங்காலம் வரை விசிறிகள் சுற்றின, சுத்தக்காரரும் சுற்றினார், மாடிக்கு மாடி போய்ப் பீற்றிக்கொண்டு. கீழே வாசலில் செக்யூரிட்டிக்குக்கூடப் பொது ஃபைலின் மகிமை தெரிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது மச்சினி திரையில் எதையோ தோண்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, எல்லா ஃபைலையும் ஒண்ணாக்கிக் கெர்னலைக் கட்டும்போது உங்க ஃபைலைச் சேர்க்க யாராவது மறந்துட்டா?"

"அதையும் யோசிச்சு வச்சிருக்கேன். ஃபைல் இல்லேன்னா, கூப்பிடற டிரைவருக்கு 'ஆச்சு'ன்னு ஒரு வெத்துப் பதில் போயிடும். கட்டற வேலை நிக்காது."

"விசிறி?"

"அது எப்படிச் சுத்தும்? அந்தச் சடங்கு நடக்கலேன்னா சிப்பு எழுந்திருக்காது. மெஷின் வெந்துடும். எட்டுப் பேரும் சும்மாவா 'தொடாதே'ன்னு எழுதி வச்சாங்க?"

அந்தக் குப்பை டிரைவர்களைத் திறக்கும்போது அவர் முகம் எப்படிக் கோணுமோ, அப்படிக் கோணியது மச்சினியின் முகம்.

கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளர் வந்தார். சுத்தக்காரர் சட்டையை இழுத்துவிட்டு, வாழ்த்தை வாங்கிக்கொள்ளத் தோதாக நின்றார்.

"என்னம்மா, எட்டும் ஓடுதுன்னு உங்க மாமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. நிஜமா, இல்ல வழக்கம்போல அளக்கறாரா?"

மச்சினி திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"எட்டும் ஓடுது சார், நிஜம்தான். மாமாவோட ஃபைலைத்தான் கெர்னல்ல யாரும் சேர்க்கவே இல்லை."