குப்பையில்லாத வீடு

"இன்னிக்கும் ஒன்னும் இல்லீங்களா?"

தள்ளுவண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் குந்தவை கேட்டாள். பாபநாசம் பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும்.

அகிலாண்டம் இரண்டு பக்கெட்டுகளையும் சாய்த்துக் காட்டினாள். மக்கும் குப்பைக்கான பச்சை பக்கெட் வாரக்கணக்கில் காலிதான். காய்கறித் தோலெல்லாம் கொல்லையில் வாழையடிக் குழிக்குப் போய்விடுகிறது. நீல பக்கெட்டில் காலி மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. அவள் கணவர் சாரங்கபாணியின் பிரஷர் மாத்திரை.

"இந்த ஒரு அட்டைக்காக வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றேன்" என்றாள் குந்தவை. குறையாகச் சொல்லவில்லை.

சித்திரையில் இந்தத் தெரு அவளுக்கு ஒதுக்கப்பட்டபோது நிலைமை வேறு. தெருவிலேயே அதிகக் குப்பை போட்டது இந்த வீடுதான். இத்தனைக்கும் இரண்டே பேர். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் வீட்டை விற்றுவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்து பத்து வருஷமாகிறது. வந்ததிலிருந்து அகிலாண்டத்துக்குச் சமையலில் மனம் ஒட்டவில்லை. பால் பாக்கெட், மாவு பாக்கெட், ஹோட்டலிலிருந்து சாம்பார் கவர், சட்னி கவர், குருமா டப்பா, கூல்டிரிங்க்ஸ் பாட்டில். எல்லாவற்றையும் ஒரே பைக்குள் திணித்து, முடிச்சுப் போட்டு வாசலில் வைத்துவிடுவாள்.

ஆடி மாதம் ஒருநாள் அந்த முடிச்சை அவிழ்த்துக் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்த குந்தவை, சட்டென்று கையை உதறினாள். பாயசத்துக்கு வாங்கிய பால் டின்னின் மூடி, கையுறையோடு சேர்த்து உள்ளங்கையைக் கிழித்திருந்தது. அகிலாண்டம் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். குந்தவை கையை நீட்டவில்லை. இதெல்லாம் பழக்கம்தான் என்று சொல்லி, வண்டியிலிருந்த தண்ணீரில் கழுவி, துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அகிலாண்டம் பரணிலிருந்து தூக்குவாளியை இறக்கிவைத்தாள். மறுநாள் முதல் பால் சொசைட்டிக்கு அதை எடுத்துக்கொண்டு நடந்தாள். காபித்தூளுக்கு எவர்சில்வர் டப்பா, செக்கெண்ணெய்க்குக் கேன், மளிகைக்குத் துணிப்பை. பருப்பையெல்லாம் பாக்கெட் போட்டாகிவிட்டது, மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தர நேரமாகும் என்று கடைக்காரர் பக்கீர் முகம்மது சொன்னபோது, ஆகட்டும் என்று அரைமணி நேரம் நின்று வாங்கி வந்தாள். தூசி படிந்த கிரைண்டரைக் கழுவி மாவாட்டினாள். எப்போதாவது ஹோட்டலில் வாங்கினாலும் டிபன் கேரியர்தான். கூல்டிரிங்க்ஸுக்குப் பதில் மோர். சாயங்காலத்து பிஸ்கட் நின்றுபோய், படியில் அளந்து வாங்கிய அவல் வந்தது.

மூட்டுவலியோடு எதற்கு இந்தப் பாடு என்று சாரங்கபாணி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார். குப்பை வண்டியின் விசில் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

"நாலு மாசமா உங்க வீட்டால வண்டிக்குப் பாரமே இல்ல" என்ற குந்தவை, கொஞ்சம் தயங்கித் தொடர்ந்தாள். "மேஸ்திரிகிட்ட சொன்னேன். அப்படின்னா அங்க தினம் நிக்க வேண்டாம்னுட்டாரு. மாசத்துக்கு ஒருதடவை எடுத்தா போதுமாம். அந்த நேரத்துல பின் தெருவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிட்டாரு."

அகிலாண்டம் பக்கெட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். இப்படி ஒன்று நடக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"மாத்திரை அட்டை இருக்குமே" என்றாள் மெதுவாக.

"சேத்து வைங்க. மொத்தமா எடுத்துக்கறேன்."

"ஒருவாய் காபி குடிச்சிட்டுப் போயேன். சொசைட்டிப் பாலு, இப்பதான் காய்ச்சினேன்."

"வேணாங்க. இன்னும் முப்பது வீடு இருக்கு."

குந்தவை குனிந்து அந்த அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வீட்டு வாசலில் நான்கு பைகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். தெருமுனையில் அவள் திரும்பி மறையும்வரை அகிலாண்டம் கேட்டிலேயே நின்றாள்.

உள்ளே வந்தபோது சாரங்கபாணி கொல்லையிலிருந்து திரும்பியிருந்தார். போயாச்சா என்று கேட்டார். மேஸ்திரி சொன்னதை அவள் சொன்னாள். இனிமேல் மாதத்துக்கு ஒருநாள்தான் என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, இந்த எட்டு மாதங்களில் முதல்தடவையாக அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஒருநாளாவது அவளை நீ வீட்டுக்குள்ள கூப்பிட்டிருக்கலாம்."

"எந்த வாயால கூப்பிடறது?" என்றாள் அகிலாண்டம். "கழுத்துல தாலியோட அவ நம்ம வாசல்ல வந்து நின்னப்போ, எனக்குப் பொண்ணே பொறக்கலன்னு சொல்லிக் கதவைச் சாத்துனது நான்தானே."