நூற்று இருபதில் ஒன்று குறைகிறது

"நூத்தி இருபது அனுப்பினோம்னு சொல்றீங்க. அறிக்கையில நூத்திப் பத்தொன்பதுதான் இருக்கு. மிச்சம் ஒண்ணு எங்கம்மா?"

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய சிதம்பரநாதன், நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்ட கேள்வி இது. வினோதா எழுந்து நின்றாள்.

"அனுப்பிட்டேன் சார். நிச்சயமா அனுப்பிட்டேன்."

"அப்ப காத்துல கரைஞ்சு போச்சா?"

காரைக்கால் தலத்தெருவில், மருந்துக்கடை மாடியில், இரண்டே பேர் வேலை பார்க்கும் கிளை அது. வினோதாவும், அவளுக்கு உதவியாக தீபாவும். கடற்கரையை நூற்று இருபது துண்டுகளாகப் பிரித்து, புயல் அடித்தால் எந்தத் துண்டில் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று பார்ப்பது தொழில். கணக்குப் போடுவது இவர்களுடைய கணினி அல்ல. வெளிநாட்டில் எங்கோ வாடகைக்கு எடுத்த கணினிகள். கிளவுடு என்று அதற்குப் புதிதாக ஒரு பெயர். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் எண்ணையே பெயராக வைத்து ஒரு வேலையாக அனுப்பிவைத்தால் அது வரிசையில் போய் நிற்கும். முறை வரும்போது முடியும். ரேஷன் கடை வரிசைதான், முண்டியடிப்பு மட்டும் கிடையாது.

இந்த ஆண்டோடு காரைக்கால் கிளையை மூடப்போகிறார்கள் என்று ஒரு மாதமாகப் பேச்சு. மூடினால் வினோதா சென்னைக்குப் போயாக வேண்டும். கணவன் கவியரசனுக்கோ கீழவாஞ்சூர் துறைமுகத்தில் இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு வயது மகள் யாரிடம் இருப்பாள் என்று இருவரும் பேசத் தொடங்குவார்கள், பாதியில் நிறுத்திவிடுவார்கள். இந்த நேரம் பார்த்துத்தானா ஒன்று குறைய வேண்டும்!

"பட்டியலைத் திறங்க."

திறந்தாள். எல்லாக் கிளைகளும் அனுப்பிய வேலைகள் கலந்துகட்டி ஆயிரக்கணக்கில் ஓடின.

"இதுல தேடினா பொழுது போயிடும். காரைக்கால் கிளையை மட்டும் வடிகட்டுங்க. ஒண்ணுலேருந்து நூத்தி இருபது வரைக்கும்னு நம்பரையும் குடுங்க. நம்ம அறிக்கையும் அப்படித்தானே எடுக்குது?"

வினோதா தட்டினாள். திரை ஒரு நொடி யோசித்து, நூற்றுப் பத்தொன்பது வரிகளைக் காட்டியது. தீபா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ரெண்டுலேருந்துல்ல ஆரம்பிக்குது. ஒண்ணக் காணுமே!"

அந்த நொடியில்தான் வினோதாவுக்கு உறைத்தது. நான்கு வருடப் பொறியியல் படிப்பும் சேர்ந்து தலையில் அடித்துக்கொண்டது போலிருந்தது.

"சார்... ஒண்ணு தொலையல. இருக்கு. அதுக்குப் பேருதான் வேற."

"என்ன பேரு?"

"லாபம்."

தீபா வாயைப் பொத்திக்கொண்டாள். சிதம்பரநாதன் சிரிக்கவில்லை.

"புரியல. விவரமா சொல்லுங்க."

"எனக்கு ஊரு குரும்பகரம் சார். எங்கப்பா பூமிநாதன் விவசாயி. களத்துல நெல்லு அளக்குறப்ப முதல் மரக்கால ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் ரெண்டு, மூணு. சின்னப் புள்ளையில அப்பா அளப்பாங்க, நான் கூடவே எண்ணுவேன். ஒவ்வொரு வேலைக்கும் பேரு குடுத்துக்கிட்டே வந்தேனா... கை தானா அப்படிப் போட்டுடுச்சு."

"கம்ப்யூட்டருக்கு மரக்கால் கணக்கு தெரியுமா?"

"தெரியாது சார். அதனாலதான் நம்பர் கேட்டா அது வரல."

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று வினோதாவுக்குத் தோன்றியது.

"தப்பு என்னோடது சார். அதுக்காக கிளைய மூடிடாதீங்க. தீபாவோட அப்பா தெனம் கடலுக்குப் போறவரு. அந்தக் கரையில இருக்கிறவங்களுக்காகத்தான் இவ்ளோ கணக்கும். இத இங்கேருந்து செஞ்சாதான் சார் மனசோட செய்ய முடியும்."

"மூடுறதா? யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"மூடணும்னா ஒரு மெயில் போதாதா? அதுக்கு எட்டு மணி நேரம் பஸ்ல குலுங்கிக்கிட்டு வரணுமா? வேலை கூடுது, இன்னும் ரெண்டு பேரை எடுத்துக்கங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வினோதா கைபேசியைக் கையில் எடுத்தாள். கவியரசனுக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. தீபா அதற்குள் மூன்று டீ சொல்ல மாடிப்படிக்கு ஓடிவிட்டாள்.

"ஆனா சார், அதையும் மெயில்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்தான்." முதல்முறையாக அவர் முகம் இளகியது. "பட்டியல்ல அந்தப் பேரை முன்னாடியே பாத்துட்டேன். வெச்சது யாருன்னு நேர்ல பாக்கணும்னு ஆசை. என்ன காரணம்னு உங்க வாயாலயே கேக்கணும்னும் ஒரு ஆசை."

"மன்னிச்சுக்கங்க சார். இப்பவே ஒண்ணுன்னு மாத்திடறேன்."

"மாத்துறது அப்புறம். முதல்ல வடிகட்டுறதுலேருந்து கிளை பேரை எடுத்துடுங்க, நம்பரையும் எடுத்துடுங்க. வெறும் லாபம்னு மட்டும் போட்டு வடிகட்டுங்க."

எதற்கென்று புரியாமலே வினோதா தட்டினாள். ஆயிரக்கணக்கான வேலைகளிலிருந்து இரண்டே வரிகள் மேலே வந்தன.

முதல் வரி: லாபம், காரைக்கால், அனுப்பியவர் வினோதா.

இரண்டாவது வரி: லாபம், சென்னை, அனுப்பியவர் சிதம்பரநாதன்.