ஆதிநாராயணன் பிடித்த நிலா

டேப்லெட்டில் ‘இணைந்தது’ என்று பச்சையாக வந்துவிட்டது. ஆதிநாராயணன் அதில் ‘நிலா’வைத் தொட்டார். எதிரே நின்ற டெலஸ்கோப் அசையவில்லை.

அம்புக்குறிகளை இடம், வலம் என்று தட்டினார். வைஃபையை அணைத்துப் போட்டார், டேப்லெட்டையே அணைத்துப் போட்டார். மறுபடி அதே பச்சை. டேப்லெட் வைஃபையில் சொல்வதைக் கேட்டு டெலஸ்கோப்பைத் திருப்பிப் படமும் பிடிக்க வேண்டிய கறுப்புப் பெட்டி, கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது.

கண்ணமங்கலத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஊர்க் கிணற்று மோட்டாரெல்லாம் அவர் கை பட்டால் ஓடும், அவர் சொந்தப் பெட்டி ஓடாது. ‘இன்னிக்கும் படம் வரலைன்னா வித்துடறேன்’ என்று மனைவி ரஞ்சிதத்திடம் வாக்கு வேறு கொடுத்துவிட்டு ஜவ்வாது மலை ஏறியிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“இன்னாங்க, வித்துடலாமா?” என்றாள் ரஞ்சிதம், காருக்குள் இருந்தபடியே.

“இரு, வைஃபை செட்டாவுது.”

சாமை அறுத்த நிலத்தின் அந்தக் கோடியில் காஷிஃபா தன் டெலஸ்கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாணியம்பாடிக் கல்லூரி ஆசிரியை. ஆதிநாராயணனின் யோசனையைக் கேட்டு இதே பெட்டியை வாங்கியவர்.

“சார், என்னுது தானா சுத்துதுங்க! நான் தொடவே இல்ல!”

“எர்த் கோளாறும்மா! கைய எடுத்துடுங்க, தானா அடங்கும்!”

“பொட்டியோட வைஃபை பேரு, பாஸ்வேர்டெல்லாம் மாத்தணுமா சார்?”

“ஐயையோ, வேணாம்! கம்பெனி வெச்சதே இருக்கட்டும். நானும் மாத்தல.”

பெட்டி திருப்பாவிட்டால் போகிறது, கை எதற்கு இருக்கிறது? ஆதிநாராயணன் டெலஸ்கோப்பைத் தானே தள்ளி, நிலாப் பக்கம் நிறுத்தினார். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டு, டேப்லெட்டில் மறுபடி ‘நிலா’வைத் தொட்டு, பிறகு ‘படம் எடு’ என்பதைத் தொட்டார்.

நிலா வந்தது. பள்ளமும் மேடும் பளிச்சென்று தெரிந்தன.

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார். “விக்கச் சொன்னியே! பாரு, என் டெலஸ்கோப்பு புடிச்ச நிலா!”

“சார், என்னுது நின்னுடுச்சுங்க!” காஷிஃபாவின் குரல் கேட்டது. “ஆனா நிலாவயே பாத்துக்கினு நிக்குது, வேற பக்கம் திரும்ப மாட்டேங்குது!”

“நான்தான் சொன்னேனே, தானா அடங்கும்னு!” என்று பெருமை பொங்கக் கத்தினார்.

ரஞ்சிதம் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது. பிறகு இறங்கி வந்து, டெலஸ்கோப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏங்க, இதோட மூடிய இன்னும் கழட்டவே இல்லியே!”