இறங்கிய காய்ச்சல்

சிறை வாசலில், 'மரண தண்டனையை ஒழி' என்ற பதாகையின் கீழே, உண்ணாவிரதத்தில் சுருண்டு கிடந்தாள் அம்மா. மகள் அவள் வெடித்த உதடுகளை ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

சிறை மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"அம்மா, உங்க பையனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு!"

அம்மா தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்தாள். "நேத்துகூட அனலா கொதிக்குதுன்னாங்களே தம்பி?"

"சும்மா விடுவேனா? ஊசி மேல ஊசி. இப்ப எழுந்து நடக்குறான், பசிக்குதுங்கறான், என்கிட்டயே வாயாடுறான். நீங்களும் ஒரு வாய் தண்ணி குடிங்கம்மா."

மகள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"சந்தோஷத்துல அழறாங்க போல," என்று டாக்டர் சிரித்தார்.

"அவனுக்குக் குணமாயிடுச்சுன்னு வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா தம்பி?"

"ஜெயில் சூப்பிரண்டே வந்து விசாரிச்சாரும்மா. பூரண குணம்னு சொல்லிட்டேன். கை குலுக்கிட்டுப் போனாரு."

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நோயில கிடக்கறவனைத் தூக்குல போடக் கூடாதாம் தம்பி. அந்தக் காய்ச்சலாலதான் போன வாரம் தள்ளி வெச்சாங்க. குணமான மறுநாள் காலையிலன்னு சொல்லியிருக்காங்க."